மஞ்சள் வயரை உருவச் சொன்னவர்

எங்கள் கம்பெனியில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் போன மாதம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டிருந்தார்கள். "அண்ணே, ஒங்க சர்வீஸ்ல மறக்க முடியாத நாலு அனுபவத்த எழுதித் தாங்க. புதுசா சேர்றவங்களுக்குப் பிரயோசனமா இருக்கும்." நாலு இட்லி பார்சல் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டார்கள். நானும் இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். நாலு தேறவில்லை. ஒன்றுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் அதற்கு முன்னால் நடந்தது, பின்னால் நடந்தது, அவ்வளவுதான்.

கேட்டதற்கு ஒரு காரணமும் சொன்னார்கள். இனிமேல் ஃபயர்வால் பெட்டி பொருத்த ஆள் போகப் போவதில்லையாம். பெட்டி கூரியரில் போகும். அங்கே யார் இருக்கிறார்களோ, வாட்ச்மேனோ கிளார்க்கோ, பிரித்து இரண்டு வயரைச் சொருகினால் போதும். மிச்சத்தை பெங்களூரில் உட்கார்ந்து ஒருத்தர் முடித்துவிடுவார். "சூப்பர்ல்லண்ணே?" என்று கேட்டான் ஒருவன். சூப்பர்தான். தொடுகிற கை இங்கே, தொடச் சொல்கிற வாய் எங்கேயோ. கையும் வாயும் அப்படிப் பிரிந்து கிடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதப் போகிறேன். யாருக்குப் பிரயோசனம் என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள்.

என் வேலை ஃபயர்வால் பொருத்துவது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் ஆபீஸுக்குள் இன்டர்நெட் வருகிற வாசலில் இந்தப் பெட்டி உட்கார்ந்திருக்கும். பழைய டிவிடி பிளேயர் அளவுதான். வருவது போவது எல்லாம் இதன் வழியாகத்தான். யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று வரி வரியாக உள்ளே எழுதி வைப்போம். பெட்டி மேலிருந்து கீழாக வாசித்துப் பார்க்கும். கடைசி வரி எல்லா இடத்திலும் ஒன்றுதான்: மேலே பெயர் இல்லாத யாரையும் விடாதே.

எனக்கு ஊர் எழுமலை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை. மிஷன் ஸ்கூலில் படித்தேன், பாலிடெக்னிக் முடித்தேன், டிவி ரிப்பேர், கேபிள், கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று மதுரையில் பத்து வருஷம் அலைந்து கடைசியில் இந்தக் கம்பெனியில் ஒதுங்கினேன். அந்தப் பத்து வருஷத்தில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது ஞானமுத்து சாரைப் பற்றி.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து விருப்ப ஓய்வில் வந்து எங்கள் சர்வீஸ் பிரிவுக்கு மேலாளராக இருந்தவர் அவர். முழுக்கை வெள்ளைச் சட்டை. குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. திட்ட மாட்டார். கேள்வி மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்கும்போது, திட்டித் தொலைத்திருந்தால் தேவலையே என்று இருக்கும்.

நான் சேர்ந்த புதிதில் திருமங்கலம் ரோட்டில் ஒரு நூற்பாலைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பெட்டியை நான் ஆசை ஆசையாகப் பிரிக்கப் போனேன். "வச்சிரு. மொதல்ல வயரப் பாரு" என்றார். அரை நாள். சுவரோரம், மேஜைக்கு அடியில், எலிப் புழுக்கைக்கு நடுவே, ஒவ்வொரு வயரையும் கையால் தடவிக்கொண்டே போய் எது எங்கே முடிகிறது என்று பார்க்க வைத்தார். மருந்துக் கடையில் விற்கிற வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்து, பால்பாயின்ட் பேனாவால் எழுதி, வயரின் இரண்டு முனையிலும் ஒட்டச் சொன்னார். வெளியிலிருந்து பெட்டிக்கு வருவது மஞ்சள் வயர். பெட்டியிலிருந்து உள்ளே போவது நீல வயர். நாங்கள் பொருத்திய எந்த இடத்திலும் இந்த நிறம் மாறியதில்லை.

இடத்துக்கு இடம் பெட்டியை வைக்கிற விதம் மாறும். நூற்பாலையில் பஞ்சுத் தூசி மூன்றே மாதத்தில் விசிறியை அடைத்துவிடும். அதனால் பெட்டியை மேனேஜர் அறைக்குக் கொண்டுபோய், இரண்டு இன்டர்நெட் கம்பெனிகளின் லைனையும் அதில் கட்டி, ஒன்று செத்தால் இன்னொன்று தானாக எடுத்துக்கொள்கிற மாதிரி அமைத்தோம். தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் ஆபீஸ். ஜூனியர்கள் ஆறு பேரும் கிரிக்கெட் பார்க்கக்கூடாது, ஆனால் சீனியர் பார்க்கலாம், அது ஜூனியர்களுக்குத் தெரியவும் கூடாது. அதற்கும் ஒரு வரி எழுதிக் கொடுத்தோம். ஒரு காலேஜில் ஹாஸ்டல் பையன்களின் நெட்டும் பரீட்சை ஆபீஸ் நெட்டும் ஒன்றையொன்று முகம் பார்க்கக்கூடாது என்று நடுவில் சுவர் எழுப்பினோம்.

எல்லா இடத்திலும் வேலை முடிந்ததும் ஞானமுத்து சார் ஒரே கேள்விதான் கேட்பார். "எழுதுனியா?" அதில் இரண்டு சங்கதி உண்டு. அந்தக் காலத்துப் பெட்டிகளில் நாம் செய்கிற மாற்றம் உடனே வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆனால் 'சேமி' என்று தனியாக ஒரு கட்டளை கொடுக்காவிட்டால், கரண்டை நிறுத்திப் போட்டதும் அத்தனையும் மறந்து பழையபடி எழுந்திருக்கும். அதைச் சேமித்தாயா என்பது ஒன்று. இன்னொன்று நோட்டு. எங்கள் ஒவ்வொருவரிடமும் நீளமான ஒரு நோட்டு கொடுத்திருந்தார். நாலு கட்டம். என்ன செய்தது, யார் கை செய்தது, யார் சொல்லிச் செய்தது, எத்தனை நாளைக்கு. "டெக்னிக்க எவனும் கத்துக்குவான்யா. யாரு சொல்லிச் செஞ்சம்னு எழுதி வச்சாத்தான் நாளப்பின்ன ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்க முடியும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட நீளமான பேச்சு அதுதான். நோட்டு என் பையை விட்டு இறங்கியதே இல்லை.

இனி அந்த ஆஸ்பத்திரி.

உசிலம்பட்டி ரோட்டில் இருந்த தனியார் ஆஸ்பத்திரி அது. நடுத்தரமானது. சுற்றுவட்டார கிராமத்து ஜனங்கள் அதை நம்பித்தான் வருவார்கள். அங்கே லேப் மெஷின்களின் நெட்வொர்க் முகவரியை மாற்றக்கூடாது, மாற்றினால் வாரன்டி போய்விடும் என்று விற்ற கம்பெனிக்காரர்கள் சத்தியம் வாங்கியிருந்தார்கள். அதனால் பெட்டியைச் சத்தமில்லாமல் நடுவில் வைத்தோம். வெளியே இன்டர்நெட் கம்பெனியின் ரௌட்டர், உள்ளே எல்லாக் கம்ப்யூட்டர் வயரும் வந்து சேர்கிற ஸ்விட்ச், இரண்டுக்கும் நடுவில் பெட்டி. யாருடைய முகவரியும் மாறாது. பெட்டி இருப்பதே யாருக்கும் தெரியாது. அதே மாதிரி, பெட்டியை எடுத்துவிட்டாலும் தெரியாது. மஞ்சள் வயரை உருவி நேராக ஸ்விட்சில் சொருகினால் எல்லாம் முன்போலவே ஓடும், காவல் மட்டும் இருக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருந்தது. பில்லிங் சாஃப்ட்வேர் எழுதியவர்கள் கோயம்புத்தூரிலிருந்தே சர்வருக்குள் வந்து சரிபார்ப்பதற்காக, ரௌட்டரில் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அவர்களைத் தவிர வேறு யாரும் அந்தக் கதவு வழியாக வராமல் பார்த்துக்கொண்டது எங்கள் பெட்டிதான். சர்வரின் பாஸ்வேர்டு என்ன தெரியுமா? ஆஸ்பத்திரியின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். மாற்றுங்கள் என்று மேனேஜரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "டாக்டருக்கு மறந்துரும்" என்றார்.

செல்வராணி அங்கே ரெக்கார்டு கிளார்க். சர்வர் ரூம் சாவி அவளிடம்தான் இருக்கும். முதல் நாள் என் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "தங்கராசண்ணனா? எழுமலைல எங்க தெருதான நீங்க? எங்கப்பா ஒங்களப் பத்திச் சொல்லிருக்காரு" என்றாள். மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். எனக்குச் சுருக்கென்றது. எந்த ஊர் என்று தெரிந்தால் அடுத்து எந்தத் தெரு என்பார்கள், தெரு தெரிந்தால் மிச்சத்தைக் கேட்க வேண்டியதில்லை. வராந்தாவில் தனியாகப் பார்த்து, "ஆஸ்பத்திரில வச்சு அண்ணேன்னு கூப்பிடாத தாயி, சார்னு கூப்பிடு" என்றேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். "சரி சார்" என்றாள். அதன்பின் ஆள் முன்னால் சார், போனில் அண்ணே. ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை.

அவளுடைய அப்பா வெளியூருக்கெல்லாம் பஸ் ஏறிப் போய்க் கரும்பு வெட்டியவர். எனக்குத் தெரிந்து அவர் கடைசிவரை கூலிதான். மகள் ஃபேனுக்கு அடியில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்பதை எழுமலை டீக்கடையில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தார். எங்கள் தெருவிலிருந்து அப்படி வெளியே வந்து உட்கார்ந்தவர்கள் அன்றைக்கு நானும் அவளும்தான்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இன்டர்நெட் கம்பெனியை மாற்றினார்கள். புது ரௌட்டரிலும் அந்தக் கதவைத் திறந்து வைத்தார்கள், வெளிப்பக்க முகவரிகள் கொஞ்சம் மாறின. அதற்குத் தகுந்த மாதிரி பெட்டியில் நான் வரிகளைத் திருத்தினேன். திருத்தியதும் எல்லாம் ஓடியது. அப்போது பார்த்து எனக்குப் போன். திருநகரில் நான் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் கொத்தனார் மாடிப்படியைத் தப்பாகக் கட்டிவிட்டார். பதறியடித்துக் கிளம்பினேன். நோட்டில் எழுதினேன். பெட்டியில் சேமிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் உண்டு, யுபிஎஸ் உண்டு. கரண்டு போவது என்பதே அந்தப் பெட்டிக்குத் தெரியாது. அதனால் என் மறதியும் மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் உள்ளே கிடந்தது. ஆயுத பூஜை வந்தது.

நம்மூரில் ஆயுத பூஜை என்றால் எல்லாவற்றையும் நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைத்தாக வேண்டும். லாரியிலிருந்து ஸ்டேப்ளர் வரைக்கும் ஒன்றையும் விட மாட்டோம். அன்றைக்குச் சாயங்காலம் சர்வர் ரூமையும் பூஜைக்கு வந்த பூசாரியும் வாட்ச்மேனும் சேர்ந்து சுத்தம் செய்திருக்கிறார்கள். எல்லாப் பெட்டியையும் நிறுத்தி, ஈரத் துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் சம்பங்கியும் போட்டு, பூசணிக்காய் உடைத்து, மறுநாள் காலை விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்து சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள். பெட்டி எழுந்தது. நான் சேமிக்காத வரிகள் ஒன்றும் அதில் இல்லை. பழைய முகவரிகளைத் தேடிப் பார்த்துவிட்டு, ஒருத்தரையும் தெரியாது என்று கடைசி வரிப்படி அத்தனையையும் மறித்துவிட்டது.

அதே விஜயதசமி காலையில்தான் திருநகரில் என் வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். எழுமலைக் கூலிக்காரன் மகன் திருநகரில் வீடு கட்டிவிட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞானமுத்து சார் வந்திருந்தார். கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தோடு ஹாலில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் செல்வராணி போன்.

"அண்ணே, நெட்டு சுத்தமா வரலண்ணே. இன்சூரன்ஸ் அப்ரூவல் போக மாட்டேங்குது. ஒரு அம்மாவுக்கு ஆபரேசன், காலைலருந்து பட்டினியாப் படுக்க வச்சிருக்காக. டாக்டரு என்னையப் போட்டு வையுறாரு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது, சேமிக்கவில்லை என்று. லேப்டாப்போடு போனால்தான் சரிசெய்ய முடியும். வீடு நிறைய ஜனம். பால் பொங்கப் போகிறது.

"செல்வராணி, சொல்றதக் கேளு. பெட்டிலருந்து மஞ்சள் வயர உருவு. கீழ இருக்குல்ல ஸ்விட்சு, அதுல காலியா இருக்க ஓட்டைல சொருகு."

"அய்யோ, அதத் தொடக்கூடாதுன்னு நீங்கதானண்ணே ஒட்டி வச்சிருக்கீக?"

"நான் சொல்றேன்ல, செய்யி. நாளைக்கு வந்து சரி பண்ணிர்றேன்."

போனைக் கீழே வைத்துவிட்டு வயரை உருவிச் சொருகுகிற சத்தம் கேட்டது. பிறகு, "வந்துருச்சுண்ணே, வந்துருச்சு!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள். "புது வீட்டுக்கு வாழ்த்துக்கள்ண்ணே. எங்கப்பா கேட்டா சந்தோசப்படுவாரு."

திரும்பினால் ஞானமுத்து சார் பார்த்துக்கொண்டிருக்கிறார். "என்ன?" "ஒண்ணுமில்ல சார். ஆஸ்பத்திரில நெட்டு. தற்காலிகமா சரி பண்ணிட்டேன்." "எழுதுனியா?" பையை எடுத்து, அவர் கண் முன்னாலேயே நோட்டில் எழுதினேன். மஞ்சள் வயர் நேரடியாக ஸ்விட்சில். கை: செல்வராணி. சொன்னது: தங்கராசு. எத்தனை நாள்: ஒரு நாள். அவர் தலையை ஆட்டிவிட்டு பாயசம் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் போகவில்லை. பந்தல்காரன், பாத்திரம், வந்தவர்களை பஸ் ஏற்றுவது. அதற்கு மறுநாள் சிவகாசியில் ஒரு வேலை. வேலை ஓடிக்கொண்டிருக்கிற இடத்திலிருந்து யாரும் கூப்பிடுவதில்லை, கூப்பிடாத இடத்துக்கு நாமும் போவதில்லை. எங்கள் தொழிலின் சாபமே அதுதான். செல்வராணி மட்டும் இரண்டு தடவை கூப்பிட்டாள். "அண்ணே, வயரு இன்னும் அப்படியே கெடக்கு." "வாரேன் தாயி." இரண்டாவது தடவை, "எனக்கு என்னமோ பயமா இருக்குண்ணே" என்றாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

பத்தொன்பதாவது நாள் காலை, ஆஸ்பத்திரியிலிருந்து மேனேஜரே கூப்பிட்டார். கம்ப்யூட்டர்களில் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. எல்லா ஃபைலின் வாலிலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. திரையில் இங்கிலீஷில் ஒரு மிரட்டல் கடிதம். எவனோ, எந்த நாட்டிலோ, காவலில்லாத அந்தக் கதவு வழியாக வந்து, ஒன்று இரண்டு மூன்று என்று பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே புகுந்து அத்தனையையும் பூட்டிவிட்டான். பிரதி எடுத்து வைத்த டிஸ்க்கும் அதே சர்வரில்தான் சொருகியிருந்தது. அதுவும் போச்சு.

நானும் ஞானமுத்து சாரும் போனபோது வாசலில் கூட்டம். கர்ப்பிணிப் பெண்கள் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். டயாலிசிஸுக்கு வருகிற ஒரு பெரியவர், "என் சீட்டு எங்கயா, என் சீட்டு எங்கயா" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். நர்சுகள் ஞாபகத்திலிருந்து பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சர்வர் ரூமைத் திறந்தேன். பெட்டி மேல் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது, சம்பங்கி கறுத்துப்போய் ஒட்டிக் கிடந்தது. மஞ்சள் வயர் ஸ்விட்சில். என் கை தானாக அதை நோக்கிப் போனது. பின்னாலிருந்து குரல் வந்தது. "தொடாத. இருந்தபடி இருக்கட்டும்." கொஞ்சம் விட்டு, "நோட்டு?" என்றார்.

"வீட்ல இருக்கு சார்."

அவர் என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். நோட்டின் நீளத்துக்குப் பை ஒரு பக்கம் புடைத்துக்கொண்டுதான் இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை.

விசாரணை டாக்டரின் அறையில் நடந்தது. டாக்டர், மேனேஜர், கோயம்புத்தூரிலிருந்து வந்த பில்லிங்காரர், நாங்கள் இருவர். செல்வராணி நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கு நாற்காலி போடவில்லை. பை என் மடியில்.

"இந்த வயர யாரு புடுங்குனது?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார்."

"பெட்டி மேல 'தொடாதீர்'னு எழுதி ஒட்டிருக்கா இல்லையா? ஒனக்குப் படிக்கத் தெரியுமா தெரியாதா? யாரக் கேட்டுத் தொட்ட?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெயரைச் சொல்லவில்லை. கையைக் காட்டவில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அறையில் ஏசி ஓடுகிற சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. புது வீடு, வேலை, தெரு, எல்லாம் ஒரு சுற்று வந்து போயிற்று எனக்குள். டாக்டர் என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

நான் சொன்னேன்: "பொதுவா சார், பெட்டிய பைபாஸ் பண்ணுனா எங்களுக்கு எழுத்துமூலமாத் தெரியப்படுத்தணும் சார்."

ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அதனால்தான் அதைவிடக் கேவலமான வாக்கியத்தை நான் என் ஆயுளில் பேசியதில்லை என்கிறேன். செல்வராணி குனிந்துகொண்டாள். ஞானமுத்து சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் தெரியும். அவரும் பேசவில்லை. கம்பெனி மேல் பழி வரும் என்று நினைத்தாரோ, நான் பேசட்டும் என்று காத்திருந்தாரோ, நான் கேட்டதில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றைக்கு அந்தப் பழமொழி என் எதிரில் நின்றுகொண்டிருந்தது.

பெட்டியில் சேமிக்கவில்லை என்பதை யாரும் கேட்கவே இல்லை. வயரைப் பிடுங்கிய கை கிடைத்துவிட்டது, அது போதும் என்று விட்டுவிட்டார்கள். அன்று மத்தியானமே அவளிடம் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பி வருகிற வழியில் செக்கானூரணியில் டீக்கடையில் பைக்கை நிறுத்தச் சொன்னார் ஞானமுத்து சார். டீ வந்தது. குடிக்கவில்லை. "ஒன் நோட்ட இனிமே எங்கிட்டக் காட்ட வேணாம் தங்கராசு. நீயே வச்சுக்க" என்றார். மறு வருஷம் அவர் ஓய்வு பெறும்வரை என்னிடம் "எழுதுனியா" என்று கேட்கவே இல்லை. அவர் இறந்தபோது கல்லறைத் தோட்டத்தில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தேன்.

அதன்பிறகு நான் நூற்றுக்கணக்கான பெட்டி பொருத்தினேன். ஒவ்வொன்றிலும் இரண்டு தடவை சேமித்தேன். கம்பெனியில் கவனக்காரன் என்று பெயர் வாங்கினேன். பிரிவு உபசார விழாவில் சால்வை போட்டு, "ஒரு தப்புக்கூட செய்யாத மனிதர்" என்று மைக்கில் சொன்னார்கள். கைதட்டினார்கள். நானும் கும்பிட்டேன்.

எழுதித் தரச் சொல்லி வாட்ஸ்அப் வந்த பிறகுதான் பரண் மேலிருந்து அந்த நோட்டை எடுத்தேன். செல்வராணி உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருப்பதாக ஊரில் சொல்லியிருந்தார்கள். பஸ் ஏறிப் போனேன். காலை பதினொரு மணி இருக்கும். கடை முன்னால் சாதிச் சான்றிதழும் பட்டாவும் வைத்துக்கொண்டு நாலைந்து பேர் நின்றார்கள். முடி நரைத்துவிட்டது அவளுக்கு. நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"வாங்க சார்" என்றாள். "எத்தன காப்பி?"

அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். வாங்கி வாசித்தாள். மெதுவாக, விரலை வைத்து வாசித்தாள். கை: செல்வராணி. சொன்னது: தங்கராசு. எத்தனை நாள்: ஒரு நாள்.

"அன்னைக்கு இது என் பைலதாம்மா இருந்துச்சு" என்றேன்.

"தெரியும் சார். ஒங்க பையவேதான் பாத்துக்கிட்டு நின்னேன். இப்ப எடுப்பீக, இப்ப எடுப்பீகன்னு."

"ஏன் தாயி, நீயாச்சும் என் பேரச் சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருந்தா ஒங்களுக்கும் வேல போயிருக்கும். நம்ம தெருலருந்து போனதே ரெண்டு பேரு. ரெண்டு பேரும் திரும்பி வரணுமான்னு நெனச்சேன். நீங்களாச் சொன்னாச் சொல்லட்டும்னு இருந்துட்டேன்."

இதை அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்புகிறேன், எல்லாரிடமும் சொல்கிறேன் என்று என்னென்னவோ உளறினேன்.

"அந்த ஆஸ்பத்திரி கைமாறி எம்புட்டோ நாளாச்சு சார். அந்த டாக்டரும் இல்ல. யாருக்கு எழுதப் போறீக?" நோட்டை மூடாமல் மேஜை மேல் வைத்தாள். "எங்கப்பாதான் சார். சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு. 'ஏத்தா, அந்த வயர எதுக்குத்தா தொட்ட, ஒழுங்கா இருந்த வேலைய ஏந்தா கெடுத்துக்கிட்ட'ன்னு. ஒவ்வொரு தடவையும் தெரியாமத் தொட்டுட்டேம்பான்னுதான் சொன்னேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. இத வாசிச்சுக் காட்டிருப்பேன்."

பிறகு நோட்டைக் கண்ணாடி மேல் கவிழ்த்து, மூடியைச் சாத்தி, ஒரு காப்பி எடுத்தாள். பச்சை வெளிச்சம் ஒரு முறை ஓடி நின்றது. காப்பியை நாலாக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நோட்டை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"பின்னால ஆளு நிக்கிறாக" என்றாள். "கொஞ்சம் தள்ளிக்கங்க சார்."